வாடிக்கையாளர் யார்? இணையச் சமூகங்களை நடத்தும் நிறுவனங்கள் தவிர்க்கும் கேள்வி

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைத் தலைமையகமாகக் கொண்ட ரெடிட் நிறுவனம், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் தனது விதிகளில் ஒரு மாற்றத்தை அறிவித்தது. அந்த இணையத்தளத்தில் இயங்கும் பெரிய சமூகம் ஒன்றைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்து, உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதாக மாற்ற அதன் மட்டுறுத்துனர்கள் விரும்பினால், இனி நிறுவனத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்பதே அந்த மாற்றம். அதுவரை அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினாலே போதுமானதாக இருந்தது.

செய்தி என்ற அளவில் இது சிறியது. பெரும்பாலான பயனர்கள் இதனைக் கவனித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால், அந்தப் பொத்தான்தான் ரெடிட்டின் சாதாரண உறுப்பினர்களிடம் எஞ்சியிருந்த ஒரே வலுவான எதிர்ப்பு ஆயுதம் என்பதையும், அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான் அது மிகப் பெரிய அளவில் பயன்படுத்தப்பட்டிருந்தது என்பதையும் நினைவில் கொண்டால், இந்த அறிவிப்பின் அரசியல் விளங்கும்.

வாடிக்கையாளரின் தேவைகளையும் அவர்கள் மதிக்கும் விழுமியங்களையும் மையமாக வைத்தே இணையச் சமூகங்கள் வடிவமைக்கப்பட வேண்டும் என்று வணிக மேலாண்மை வல்லுநர்கள் இரண்டு தசாப்தங்களுக்கு மேலாகக் கூறி வருகிறார்கள். அதனை மறுப்பவர்கள் எவரும் இல்லை. ஆனால், ஓர் இணையச் சமூகத்தில் வாடிக்கையாளர் என்பவர் யார் என்ற கேள்விக்கு அந்த அறிவுரையில் பதில் இல்லை. எழுதுபவரா, வாசிப்பவரா, ஊதியமின்றி ஒழுங்கைக் காப்பவரா, விளம்பரம் கொடுப்பவரா, அல்லது எழுதப்பட்டவை அனைத்தையும் மொத்தமாக விலைக்கு வாங்கிச் செல்லும் செயற்கை நுண்ணறிவு நிறுவனமா? ரெடிட்டின் அண்மைக்கால வரலாறு இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது.

இருட்டடிப்புப் போராட்டம்

2005ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்சிஸ் ஓஹானியன் ஆகிய இரு இளைஞர்களால் தொடங்கப்பட்டது ரெடிட். சமையல், சட்ட ஆலோசனை, வரலாறு, உதைபந்தாட்டம், அரிய நோய்கள் என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிச் சமூகம் அதில் உண்டு. ஒவ்வொரு சமூகத்துக்கும் அதற்கென விதிகளும், அவற்றை நடைமுறைப்படுத்தும் தன்னார்வ மட்டுறுத்துனர்களும் உண்டு. இவர்களுக்கு நிறுவனம் ஊதியம் வழங்குவதில்லை.

2023ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெளியாரின் மென்பொருட்கள் ரெடிட்டின் தரவுகளைப் பெறுவதற்கு விதிக்கப்படவிருந்த கட்டணத்தின் விவரம் வெளிவந்தது. பலரும் விரும்பிப் பயன்படுத்திய அப்போலோ என்ற கைபேசிச் செயலியை உருவாக்கிய கிறிஸ்டியன் செலிக், இந்தக் கணக்கின்படி தாம் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டொலர் செலுத்த வேண்டியிருக்கும் என்று தெரிவித்தார். கட்டணம் நடைமுறைக்கு வர அப்போது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 30 நாட்கள் மட்டுமே. ஜூன் 30ஆம் திகதியுடன் அப்போலோ உள்ளிட்ட பல செயலிகள் மூடப்பட்டன.

இதனை எதிர்த்து ஜூன் 12ஆம் திகதி முதல் 8,000க்கும் அதிகமான சமூகங்கள் தம்மைத் தாமே இருட்டடிப்புச் செய்துகொண்டன. கோடிக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட சமூகங்களும் அவற்றில் இருந்தன. கூகுளில் தேடி ரெடிட்டில் விடை காணப் பழகியவர்கள் மூடிய கதவுகளையே கண்டார்கள்.

செயலிகள் மூடப்பட்டதால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி அப்போது அதிகம் பேசப்படவில்லை. பார்வையற்றோருக்கென ரெடிட்டில் ஒரு சமூகம் உண்டு. அதன் உறுப்பினர்கள் திரையில் உள்ளதைக் குரலாக மாற்றி வாசிக்கும் மென்பொருளின் துணையுடன் இயங்குபவர்கள். நிறுவனத்தின் சொந்தச் செயலி இந்த மென்பொருளுடன் சரிவர இணங்காத நிலையில், வெளியார் உருவாக்கிய செயலிகளே அவர்களுக்குக் கைகொடுத்து வந்தன. குறிப்பாக, அச்சமூகத்தின் பார்வையற்ற மட்டுறுத்துனர்கள் தமது கைபேசி வழியாகச் சமூகத்தை நிர்வகிக்கவே முடியாத நிலை ஏற்படும் என்று எச்சரித்தார்கள். எதிர்ப்பு வலுத்த பின்னர், இலாப நோக்கமற்ற, மாற்றுத் திறனாளிகளுக்கென அமைந்த சில செயலிகளுக்கு மட்டும் கட்டண விலக்கு அளிக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பார்வையற்ற ஒருவர் ஒரு சமூகத்தில் பங்கேற்க என்ன தேவை என்பதை நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் கண்டறியவில்லை. அதைக் கண்டறிந்து, செயலியாக எழுதி, பிழை திருத்தி, ஆண்டுக்கணக்கில் பேணியவர்கள் வெளியாட்கள். வாடிக்கையாளர் தேவையைக் கேட்டறிவது எப்படி என்று ஆய்வு நடத்தும் அவசியமே இல்லாமல், விடை ஏற்கெனவே செயல்பட்டுக்கொண்டிருந்தது. அந்த விடையின் மீதுதான் கட்டணம் விதிக்கப்பட்டது.

நிறுவனத்தின் தரப்பு

ரெடிட்டின் தலைமைச் செயலதிகாரி ஹஃப்மனின் வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியார் செயலிகளைப் பயன்படுத்துவோர் ரெடிட்டின் விளம்பரங்களைப் பார்ப்பதில்லை. தரவுகளை வழங்கும் செலவோ நிறுவனத்தைச் சேர்ந்தது. அப்போது நிறுவனம் இலாபம் ஈட்டவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் அதன் நட்டம் 9 கோடி டொலரைத் தாண்டியது. மற்றவர்களின் வணிகத்துக்குத் தாம் மானியம் வழங்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

மட்டுறுத்துனர்களைப் பற்றி அவர் முன்வைத்த விமர்சனம் இன்னும் சுவையானது. ஒரு சமூகத்துக்கு முதலில் வந்தவரே அதன் மீது நிரந்தர அதிகாரம் செலுத்துகிறார். அவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதுமில்லை, நீக்குவதுமில்லை. பரம்பரை நிலவுடைமையாளர்களுடன் அவர்களை ஒப்பிட்டுப் பேசிய ஹஃப்மன், வாக்கெடுப்பு மூலம் மட்டுறுத்துனர்களை மாற்றும் வழி வேண்டும் என்றும் கூறினார். தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரம் குறித்த இந்தக் குறை உண்மையானது. ஆனால், அதே அளவுகோல் தேர்ந்தெடுக்கப்படாத தலைமைச் செயலதிகாரிக்குப் பொருந்துமா என்ற கேள்வியை மட்டுறுத்துனர்கள் உடனே எழுப்பினார்கள். வாக்கெடுப்பு பற்றிய பேச்சும் போராட்டம் ஓய்ந்ததும் ஓய்ந்துவிட்டது.

கதவைத் திறக்க மறுத்தால் மாற்றுநபர்கள் நியமிக்கப்படுவார்கள் என்று நிறுவனத்திடமிருந்து மடல்கள் வந்தன. சிலர் நீக்கப்பட்டார்கள். படங்களுக்கான பெரிய சமூகம் ஒன்று திறக்கச் சம்மதித்தது, ஆனால் நகைச்சுவையாளர் ஜோன் ஒலிவரின் படங்களை மட்டுமே அனுமதிப்பது என்று வாக்கெடுப்பு நடத்தித் தீர்மானித்தது. ஒலிவரும் தம் படங்கள் பலவற்றை வெளியிட்டு அதற்கு உற்சாகமூட்டினார். சில வாரங்களில் எல்லாம் அடங்கியது.

குரலும் வெளியேற்றமும்

ஜெர்மனியில் பிறந்த பொருளியலாளர் அல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், ஓர் அமைப்பின் தரம் தாழும்போது அதன் உறுப்பினர்களுக்கு முன் இரு வழிகள் உள்ளன என்று விளக்கினார். ஒன்று வெளியேறுவது, மற்றது உள்ளே இருந்தபடி குரல் எழுப்புவது. கடைக்குப் பழகியவர் வெளியேற்றத்தையும், நாட்டுக்குப் பழகியவர் குரலையும் இயல்பாக நாடுவார். இணையச் சமூகம் கடையாகவும் ஊராகவும் ஒருசேர இருப்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

வெளியேற்றம் எளிதாக இருந்த காலம் ஒன்று இருந்தது. டிக் என்ற இணையத்தளம் ஒரு காலத்தில் ரெடிட்டைவிடப் பெரியது. 2010ஆம் ஆண்டு ஓகஸ்டில் அது தன் வடிவத்தை அடியோடு மாற்றி, பயனர்கள் கண்டெடுத்துத் தரும் செய்திகளைவிட வெளியீட்டு நிறுவனங்கள் தரும் செய்திகளுக்கு முதன்மை அளித்தது. பயனர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2012ஆம் ஆண்டில் அது விற்கப்பட்டபோது கிடைத்த தொகை சுமார் 5 லட்சம் டொலர் மட்டுமே என்று செய்திகள் கூறின. அவ்வாறு வெளியேறியவர்களில் பெரும்பகுதியினர் சென்று சேர்ந்த இடம் ரெடிட் என்பது குறிப்பிடத்தக்கது.

ரெடிட்டிலேயே குரல் வென்ற தருணமும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஜூலையில், மட்டுறுத்துனர்களுடன் நெருங்கிப் பணியாற்றிய ஊழியர் ஒருவர் பதவி நீக்கப்பட்டபோது இதே போன்று சமூகங்கள் மூடப்பட்டன. சில நாட்களில் அப்போதைய தலைமைச் செயலதிகாரி எலன் பாவ் பதவி விலகினார். அவருக்கு எதிரான இயக்கத்தில் இனவெறியும் பெண்வெறுப்பும் கலந்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. உறுப்பினர்களின் குரல் என்பது எப்போதும் நல்லவர்களின் குரலாக இருப்பதில்லை. அந்தக் கிளர்ச்சியின் விளைவாகத் தலைமைப் பதவிக்குத் திரும்பி வந்தவர்தான் ஹஃப்மன்.

2015இல் வென்ற அதே உத்தி 2023இல் ஏன் தோற்றது? போய்ச்சேர வேறு இடம் இல்லாதது ஒரு காரணம். மற்றக் காரணம், நிறுவனத்தின் வருமானம் யாரைச் சார்ந்திருக்கிறது என்பது மாறத் தொடங்கியிருந்தது.

உரையாடல் சரக்கானது

ரெடிட் 2024ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதி நியூயோர்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 34 டொலருக்கு வழங்கப்பட்ட பங்கின் விலை முதல் நாளின் முடிவில் 50 டொலரைக் கடந்தது. பங்கு வெளியீட்டுக்காக நிறுவனம் தாக்கல் செய்த ஆவணத்தில் ஒரு தகவல் பலரது கவனத்தையும் ஈர்த்தது. தரவு உரிமம் வழங்கும் ஒப்பந்தங்கள் மூலம் இரண்டு முதல் மூன்று ஆண்டுகளில் மொத்தம் 20 கோடி 30 லட்சம் டொலர் கிடைக்கும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. கூகுளுடனான ஒப்பந்தம் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டொலர் மதிப்புடையது என்று செய்தி நிறுவனங்கள் தெரிவித்தன. மே மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது.

மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்க மனிதர்கள் இயல்பாக எழுதிய உரையாடல்கள் பெருமளவில் தேவைப்படுகின்றன. வாடகை வீட்டின் முன்பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி என்று ஒருவர் கேட்க, அதே இடரை அனுபவித்த மற்றொருவர் விரிவாகப் பதில் எழுத, மூன்றாமவர் அதில் உள்ள பிழையைத் திருத்துகிறார். விளம்பரதாரருக்கு இந்த உரையாடல் ஒரு பின்னணி மட்டுமே. செயற்கை நுண்ணறிவு நிறுவனத்துக்கோ அதுவே சரக்கு. 2023ஆம் ஆண்டின் கட்டண அறிவிப்பு, சிறு செயலிகளை மட்டும் குறிவைத்தது அல்ல, இந்தச் சரக்குக் கிடங்குக்குப் பூட்டுப் போடும் ஏற்பாடும் அதுவே என்பதை ஹஃப்மனின் அப்போதைய பேட்டிகளே உணர்த்தின. அனுமதியின்றித் தன் தரவுகளை எடுத்ததாக 2025ஆம் ஆண்டு ஜூனில் அந்த்ரோபிக் நிறுவனத்தின் மீது ரெடிட் வழக்குத் தொடுத்தது. அந்தக் குற்றச்சாட்டுடன் உடன்படவில்லை என்று அந்த்ரோபிக் கூறியது.

எழுதியவருக்கு இதில் பங்கு என்ன? ரெடிட்டின் பயனர் ஒப்பந்தப்படி, எழுத்தின் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது. ஆனால் அதைப் பயன்படுத்தவும் பிறருக்கு வழங்கவும் மிக விரிவான உரிமம் நிறுவனத்துக்குத் தரப்பட்டுவிடுகிறது. பங்கு வெளியீட்டின்போது தகுதி பெற்ற பயனர்களுக்கும் மட்டுறுத்துனர்களுக்கும் பங்குகளை வெளியீட்டு விலையில் வாங்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. அதாவது, தாங்கள் உழைத்து உருவாக்கியதில் ஒரு பங்கை அவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்த உழைப்பின் மதிப்பை அளக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன், மினசோட்டா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ரெடிட் மட்டுறுத்துனர்களின் ஊதியமற்ற உழைப்பு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 34 லட்சம் டொலர் பெறுமதியானது என மதிப்பிட்டது. இது நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வருமானத்தில் 2.8 சதவீதம். தொகை பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் இது மட்டுறுத்தலுக்கான மணிநேரக் கூலிக் கணக்கு மட்டுமே; ஒரு வரலாற்றுக் கேள்விக்கு ஆதாரத்துடன் மூன்று பக்கப் பதில் எழுதியவரின் உழைப்பு இதில் சேரவில்லை.

மென்பொருள் எழுதுவோரின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் இதே மோதல் வேறு வடிவில் வெடித்தது. 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அத்தளம் 2021ஆம் ஆண்டில் புரோசஸ் நிறுவனத்துக்கு 180 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டவை என்று சந்தேகிக்கப்படும் பதில்களை நீக்குவதற்கு நிறுவனம் கட்டுப்பாடு விதித்ததை எதிர்த்து, 2023ஆம் ஆண்டு ஜூனில் அதன் மட்டுறுத்துனர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். இங்கு பேச்சுவார்த்தை நடந்தது. ஓகஸ்டில் உடன்பாடும் ஏற்பட்டது. ஆனால் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓப்பன்ஏஐயுடன் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டபோது, எதிர்ப்பின் அடையாளமாகத் தம் பதில்களை அழிக்க முயன்ற சிலரின் கணக்குகள் இடைநிறுத்தப்பட்டன.

செங்கல் பொம்மைகளின் நகரம்

எல்லா நிறுவனங்களும் இந்தப் பாதையில் செல்வதில்லை. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1998ஆம் ஆண்டில், கணினியால் இயங்கும் பொம்மை வகையொன்றை வெளியிட்டது. சில வாரங்களுக்குள் அதன் உள்ளியக்கக் குறிமுறையை ஆர்வலர்கள் உடைத்து இணையத்தில் வெளியிட்டார்கள். வழக்குத் தொடரலாமா என்று யோசித்த நிறுவனம், முடிவில் பயனர்கள் அதனை மாற்றியமைக்கும் உரிமையைத் தன் உரிம ஆவணத்திலேயே எழுதிக்கொடுத்தது.

2003, 2004ஆம் ஆண்டுகளில் கடும் நட்டத்தில் தத்தளித்த அந்நிறுவனம், மீண்டெழுந்த காலத்தில் வயது வந்த ரசிகர்களுடனான உறவை நிறுவன வடிவில் அமைத்துக்கொண்டது. 2008ஆம் ஆண்டு ஜப்பானில் பரிசோதனையாகத் தொடங்கி, பின்னர் லெகோ ஐடியாஸ் என்ற பெயர் பெற்ற திட்டத்தில், எவரும் தம் வடிவமைப்பைச் சமர்ப்பிக்கலாம். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் அதனைப் பரிசீலிக்கும். தயாரிக்கத் தேர்வானால், நிகர விற்பனையில் 1 சதவீதம் வடிவமைத்தவருக்குச் சேரும். ஒரு சதவீதம் தாராளமானதா என்பது விவாதத்துக்குரியது. ஆயினும் பங்கு என்ன என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

லெகோவின் அதிகாரிகள் ரெடிட்டின் அதிகாரிகளைவிட நற்குணம் படைத்தவர்கள் என்பது இதன் பொருளல்ல. லெகோவுக்குப் பணம் தருபவரும் அதன் சமூகத்தில் பங்கேற்பவரும் ஒரே ஆள். அவரைப் புண்படுத்தினால் விற்பனை குறையும். ரெடிட்டில் பங்கேற்பவர் ஒருவர், பணம் தருபவர் இன்னொருவர். இவ்விருவரின் தேவைகள் மோதும்போது வடிவமைப்பு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

மூன்றாவது வழியொன்றை விக்கிப்பீடியா காட்டுகிறது. 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில், விளம்பரம் வெளியிடப்படலாம் என்ற பேச்சு எழுந்தபோது ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர்கள் பலர் பிரிந்து சென்று தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினார்கள். கட்டுரைகள் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால், அவற்றை உடன் எடுத்துச் செல்ல அவர்களால் முடிந்தது. இன்றுவரை விக்கிப்பீடியாவில் வணிக விளம்பரம் இல்லை. அதற்கு அந்தப் பிளவு மட்டுமே காரணம் என்று கூற முடியாவிட்டாலும், எழுதியதைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடியும் என்ற நிலை குரலுக்குக் கனம் சேர்த்தது என்கிறார்கள் அவ்வரலாற்றை ஆராய்ந்தவர்கள்.

எடுத்துச் செல்ல முடியாதபோது என்ன நேரும் என்பதைப் புலம்பெயர்ந்த தமிழர்கள் பலர் நேரடியாக அறிவார்கள். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்கள் யாகூ நிறுவனத்தின் சேவையில்தான் இயங்கின. தமிழில் தட்டச்சுச் செய்வதே பெரும்பாடாக இருந்த காலத்தில், வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்கள் அங்கே கதையும் விவாதமும் எழுதினார்கள். மட்டுறுத்துனர் என்ற சொல்லும் அத்தகைய குழுமங்கள் வழியாகவே பரவியது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில், குழுமங்களில் சேர்ந்திருந்தவை அனைத்தும் அழிக்கப்படும் என்று யாகூ அறிவித்தது. இரு மாத அவகாசம் பின்னர் சிறிது நீட்டிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி அச்சேவை முற்றாக மூடப்பட்டது. தன்னார்வலர்கள் உலகெங்கிலுமிருந்து முயன்று காப்பாற்றியவை போக, எஞ்சியவை மறைந்தன.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் உதவும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் திகதி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் பதிவையோ கணக்கையோ நீக்கினால் காரணம் கூற வேண்டும், பெரும்பாலான தளங்கள் முறையீட்டுக்கு வழிசெய்ய வேண்டும் என்று அது விதிக்கிறது. 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளோ, ஒருவர் தாம் வழங்கிய தனிப்பட்ட தரவுகளைப் பெற்று வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையை அளிக்கின்றன.

ஆனால் இந்த உரிமைகள் தனிநபருக்குரியவை. ஒருவர் தம் பதில்களை மட்டும் எடுத்துச் சென்றால், கேள்வி ஒரிடத்திலும் பதில் வேறிடத்திலும் இருக்கும். சமூகம் என்ற கூட்டு உருவத்துக்கு இச்சட்டங்களில் இடமில்லை. வெளியார் செயலிகளிடம் எவ்வளவு கட்டணம் வாங்கலாம், எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பதையும் அவை தொடவில்லை. மிகப் பெரிய நிறுவனங்களின் சந்தை ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்தும் மற்றோர் ஐரோப்பியச் சட்டம் இத்தகைய விடயங்களைத் தொடுகிறது. அச்சட்டம் பொருந்தும் நிறுவனங்களின் முதற்பட்டியல் 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியானது. அதில் ஆறு நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. ரெடிட் அவற்றில் ஒன்றல்ல.